நிப்பரின் தட்டைப் பக்கம்

சென்னை ரிச்சி தெருவில், சர்க்யூட் போர்டில் கம்பி நறுக்கும் நிப்பர் கேட்டால் ஒரு டப்பாவையே கவிழ்த்துக் காட்டுவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான். நான் அலகை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். நுனி முதல் அடிவரை கீற்று வெளிச்சம்கூடக் கசியக் கூடாது. பிறகு பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பேன். மூட்டு ஆடினால் அங்கேயே வைத்துவிடலாம். இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கம்பியை நசுக்கத்தான் செய்யும். கடைசியில் ஒரு டிஷ்யூ தாளை நுனியால் மட்டும் வெட்டிப் பார்ப்பேன். தாள் கிழிந்தால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் கட்டிங் பிளேயர் போர்டு வேலைக்கு ஆகாது. அதன் அலகு இரு பக்கமும் சரிந்திருப்பதால், வெட்டிய கம்பியின் இரண்டு முனையும் கூரை முகடு போலக் கூராக நிற்கும். நிப்பரில் ஒரு பக்கம் தட்டை. அதைப் போர்டைப் பார்த்து வைத்தால், பாகத்தின் கால் கம்பியான லீட் மிஞ்சும் இடத்தில் மட்டமாக இருக்கும். முகடு தெறிக்கும் துண்டோடு போய்விடும். திருப்பிப் பிடித்தால் கொடுத்த காசு வீண்.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கம்பி முழுதாக அறுபடும் கணத்தில் ‘டக்’கென்று ஓர் உதறல் வரும். அது லீட் வழியே சால்டருக்குள் இறங்கி, மயிரிழை விரிசலை உண்டாக்கலாம். அலகின் சரிவு கூடினால் உதறலும் கூடும். சால்டர் வைத்தபின் லீட்டை வெட்டினால், நான் அந்த இடத்தில் ஒருமுறை சால்டரிங் அயர்னால் தொட்டு உருக்கிவிடுவேன்.

தட்டை விளிம்புக்கு ஒரு விலை உண்டு: அது மெல்லியது, சீக்கிரம் பல் விழும். பரவலாகக் கிடைக்கும் ஹாக்கோ 170 நிப்பர் 1.3 மி.மீ. வரையான மென்செம்புக் கம்பிக்கானது. கால் வாட் ரெசிஸ்டரின் லீட் அதில் பாதிகூட வராது, கவலையே இல்லை. ஆனால் ஒரு பேப்பர் கிளிப், ஒரு கிட்டார் கம்பி போதும், விளிம்பில் பிறை வடிவப் பள்ளம் விழுந்துவிடும். மலிவான பாகங்களின் லீட்டிலேயே செம்பு பூசிய எஃகு இருப்பதுண்டு. சந்தேகம் வந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் பழைய நிப்பரை எடுங்கள். அதனால்தான் விலையுயர்ந்த லிண்ட்ஸ்ட்ரோம் நிப்பர் ஒன்றே ஒன்று வாங்கிப் பொத்திப் பொத்தி வைப்பதைவிட, நடுத்தர விலையில் ஒன்றும் முரட்டு வேலைக்கு மலிவாய் ஒன்றும் வைத்திருப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

லீட்டை வளைக்க உதவும் நோஸ் பிளேயரில் இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. உள்ளே பல் இல்லாததாகப் பாருங்கள். பல் லீட்டில் தழும்பு போடும். பிடியை விட்டதும் வாய் தானாகத் திறக்க வேண்டும், ஆனால் ஸ்பிரிங் கையோடு மல்லுக்கட்டக் கூடாது. 1என்4148 போன்ற கண்ணாடி டயோடை வளைக்கும்போது, உடலுக்கும் வளைவுக்கும் இடையே லீட்டைக் கவ்விக்கொண்டு, வெளிப்பக்கத்தை விரலால் மடக்க வேண்டும். உடலைப் பிடித்து மடக்கினால் கண்ணாடி விரியும்.

வெட்டிய துண்டு தெறிக்காமல் பிடிக்க, சில நிப்பர்களில் கிளிப் வைத்து விற்கிறார்கள். அது நுனியை மறைப்பதால் எனக்கு ஒத்துவருவதில்லை. லீட்டின் மேல்முனையை இடது கை விரல்களால் பிடித்துக்கொண்டே வெட்டுகிறேன். எப்படி வெட்டினாலும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.