பின் பொருந்தினால் போதாது

கடைக்கு வருகிறவர்கள் சார்ஜரை நீட்டி, "அண்ணே, இந்தப் பின் இதுல போகுமா?" என்றுதான் கேட்பார்கள். அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். 5.5 மில்லிமீட்டர் பின் மானிட்டரின் 12 வோல்ட் அடாப்டரிலும் உண்டு, லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரிலும் உண்டு. முதலில் சார்ஜரைத் திருப்பி 'அவுட்புட்' வரியைப் படிக்க வேண்டும்.

அதில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டைத் தீர்மானிப்பது சார்ஜர். அது கொடுப்பதை லேப்டாப் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆம்பியர் அப்படியல்ல. வேண்டியதை லேப்டாப்பே இழுத்துக்கொள்ளும், எழுதியிருப்பது உச்சவரம்பு. அதனால் 65 வாட் மெஷினுக்கு அதே வோல்ட்டில் 90 வாட் சார்ஜர் போட்டால் கெடுதல் இல்லை. 45 வாட் போட்டால் சார்ஜர் திணறும்.

வோல்ட் எவ்வளவு விலகலாம்? 19-க்கு 19.5 தாராளமாகப் போடலாம். உள்ளே பெரும்பாலும் எதுவும் 19 வோல்ட்டில் நேராக ஓடுவதில்லை. போர்டு அதை 5, 3.3 என்று இறக்கித்தான் பயன்படுத்துகிறது. 20 வோல்ட்டையும் பல மெஷின்கள் தாங்கும். அவசரத்துக்குக் கொடுப்பேன், நிரந்தரமாக வேண்டாம் என்பேன். 24 என்றால் தொடவே மாட்டேன். பல போர்டுகளில் கரன்ட் நுழையும் இடத்து கெப்பாசிட்டரே 25 வோல்ட்டுக்கானது.

வோல்ட் குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் அதிகம். நான்கு செல் வரிசையாக உள்ள பேட்டரி நிறைய 16.8 வோல்ட் வேண்டும். 16 வோல்ட் சார்ஜரால் அதை நிரப்ப முடியாது. அதே 65 வாட்டுக்கு 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பின்னும் ஜாக்கும் சுடும். டெல் மெஷின்களில் இன்னொரு சிக்கல். நடுவிலுள்ள மெல்லிய ஊசி வழியாகச் சார்ஜரின் வாட்டைப் படிக்க முடியாவிட்டால், வோல்ட் சரியாக இருந்தும் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். விஷயம் தெரியாதவர் புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுவார்.

டைப்-சி வந்தபின் வோல்ட் கவலை குறைந்தது. 5 வோல்ட்டில் தொடங்கி, மெஷின் கேட்டால்தான் 9, 15, 20 என்று ஏறும். வாட் கணக்கை மட்டும் நாம்தான் பார்க்க வேண்டும்.

லேபிளையும் முழுதாக நம்ப முடியாது. மட்டமான சார்ஜர் மல்டிமீட்டரில் 19 காட்டும், லோடு ஏறியதும் சரிந்துவிடும். அதனால் மெஷினை ஓடவிட்டு, பேட்டரி ஏறுகிறதா, சார்ஜர் கை வைக்க முடியாதபடி சுடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். விலை பேசுவது அதற்கப்புறம்.