பீலித் தண்ணீரும் சிலிண்டர் ஹெட்டும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில், வீதியைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கிறது அந்தக் கராஜ். நான் போனபோது மேசையில் இரண்டு சிலிண்டர் ஹெட்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று தோட்டமொன்றின் பழைய லேண்ட் ரோவருடையது, இரண்டேகால் லீட்டர் டீசல் எஞ்சினின் இரும்பு ஹெட். மற்றது மிட்சுபிஷி டெலிகா வேனின் 4டி56 எஞ்சினுடைய அலுமினிய ஹெட். இரண்டும் ஹீட் ஏறி வந்தவை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய எஞ்சினைச் சீர்செய்து ஓட்டுவதே மலைநாட்டில் பலருக்கும் வழியாக இருந்தது. லேண்ட் ரோவருக்கு இன்னொரு பழைய இரும்பு ஹெட் தேடுவதா, அலுமினிய ஹெட் உள்ள 300 டிடிஐ எஞ்சினையே பூட்டுவதா என்பதுதான் தோட்டத்துக்காரர்களின் கேள்வி.

கராஜ் மெக்கானிக் பாஸ் முதலில் இரும்பு ஹெட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கீறல் விழுந்த பானையைத் தட்டியதுபோல் சத்தம் அடங்கி வந்தது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சோக்குத் தூள் தூவினார். இரண்டு வால்வ் சீட்டுகளுக்கு நடுவே ஈரக்கோடு ஒன்று எழுந்தது. அலுமினிய ஹெட்டில் அப்படிக் கோடு இல்லை. ஆனால் நேர்சட்டத்தைக் குறுக்கே வைத்து பீலர் கேஜைச் செருகியபோது, நடுவில் தாராளமாக உள்ளே போனது.

"அது வெடிச்சிருச்சு, இது வளைஞ்சிருச்சு. ரெண்டுக்கும் ஒரே வருத்தந்தான் சேர்."

சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிளாக்கோ இரும்பு. நடுவில் அகப்பட்ட கேஸ்கட் சூடேறி ஆறும்போதெல்லாம் உரசப்படும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏற்றம், தலவாக்கலைக்கு இறக்கம், மறுபடி நானுஓயாவுக்கு ஏற்றம் என்று ஒரே பயணத்தில் இது பலமுறை நடக்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் திறந்த பாத்திரத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் எஞ்சின் தப்புகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால், கொழும்பில் தெரியாத கோளாறு இங்கே ஆவியாக வெளியே வரும்.

ஆவி வந்ததும் ட்ரைவர் வீதியோரப் பீலியில் நிறுத்தி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றுகிறார். அந்த அதிர்ச்சியில் இரும்பு வெடிக்கும், அலுமினியம் முறுகும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டினால் அலுமினிய ஹெட்டின் நீர்வழிகள் அரித்துப் போகும். இரும்பு துருப்பிடித்தாலும் சுவர் தடிப்பாக இருப்பதால் வருடக்கணக்கில் தாங்கும்.

அதற்காக அலுமினியத்தைத் தள்ளிவிட முடியாது. எடை குறைவு. வெப்பத்தை இரும்பைவிட மிக விரைவாகக் கடத்தும். அதனால் பெற்றோல் எஞ்சினில் நொக்கிங் வராமல் அமுக்க விகிதத்தைக் கூட்டலாம். நுவரெலியாவில் 1934 முதல் பேர்பெற்ற மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது இதுதான். அவர்கள் ஓட்டம் சட்டென்று முடிந்துவிடும். கொழுந்து லொறி அப்படியல்ல. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மடுவம் நின்று, முதல் கியரில், ரேடியேட்டரில் காற்றுப் படாமல் ஊர்ந்தே ஏற வேண்டும்.

பழுதுபார்ப்பிலும் குணம் வேறு. வளைந்த அலுமினியத்தைச் சீவிச் சமப்படுத்தலாம், வெடித்தால் ஆர்கன் வெல்டிங் வைக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிச் சூடேறியது மென்மையாகிவிடும். பிறகு எவ்வளவு சீவினாலும் போல்ட் இறுக்கத்தைத் தாங்காது. இரும்பைப் பற்றவைக்க ஹெட் முழுவதையும் சூடாக்கி, நிக்கல் குச்சியால் ஒட்டி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே புது வெடிப்பு விழும்.

பாஸ் கடைசியில் உலோகத்தைவிட ஓட்டுகிறவரைப் பார்த்தே முடிவு சொன்னார். வேன்காரர் சொந்தமாக ஓட்டுகிறார், கூலன்ட் ஊற்றுகிறார். அவருக்கு அலுமினியமே இருக்கட்டும். தோட்டத்து ஜீப் பல கை மாறுவது. யார் எந்தத் தண்ணீரை ஊற்றினார் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு இரும்புதான் சரி. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடச் சொல்லிவிட்டார்.

ஆனால் இரண்டு வண்டிக்கும் ஒரே நிபந்தனை: புது ரேடியேட்டர் மூடி, புது தெர்மோஸ்டாட், கழுவிய ரேடியேட்டர். அவை வராமல் ஹெட்டைத் தொடமாட்டாராம்.

"எந்த ஹெட்னாலும் சரி சேர், ஏன் ஹீட் ஏறுச்சுன்னு கண்டுபிடிக்காம பூட்டினா மறுபடியும் இங்கதான் வரணும்."