குளக்கரையில் ஒரு சித்திரம்

தில்லியில் புராணா கிலாவை அடுத்துள்ள மிருகக்காட்சிச் சாலை 1959-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் அதைக் கண்டுகொண்டன. அழைப்பாரின்றி ஆவணி, புரட்டாசியில் வந்து, குளத்து மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்த்து, பங்குனியளவில் போய்விடும் இப்பறவைகளைக் காணவே சென்ற ஐப்பசியில் குடும்பத்துடன் அங்குச் சென்றோம்.

நம் புதல்வன் நாட்காட்டியினின்று கத்தரித்த படமொன்றைக் கொணர்ந்திருந்தான். ஜஹாங்கீர் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய வெண்பறவை அது. மூலச் சித்திரம் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

"அப்பா, இதுதானே அது?" என்றான். "ஆமாம்" என்று விட்டோம். நெடுங்காலுடைய எதையும் நாரையென்றும் கொக்கென்றும் வாய்க்கு வந்தபடி சொல்லிப் பழகியவர்கள் அல்லவா நாம்!

"இதற்கு மார்பில் கறுப்புப் பட்டை இருக்கிறதே, படத்தில் இல்லையே?"

பிள்ளையிடம் தோற்பதில் இழுக்கில்லை. அமர்ந்து படத்தை ஊன்றி நோக்கினோம். சிவந்த வெறுமுகம், செந்நிறக் கால்கள், தூய வெண்சிறகு: அது சைபீரியக் கொக்கு. அதன் சிறகு நுனி கறுப்பு. ஆயினும் மடக்கி நிற்கையில் மறைந்துவிடும். மன்சூர் கண்டதை மட்டுமே எழுதினார். உயிருள்ள பறவையை அருகிருந்து பாராதவர் இவ்வாறு எழுதவியலாது என்பது நம் எண்ணம். ஐரோப்பிய அறிஞர் பல்லாஸ் 1773-இல் இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயரிட்டதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இங்கு அதன் உருவம் தீட்டப்பட்டாயிற்று. நாரையைப்போல் அது மரத்தில் கூடு கட்டுவதுமில்லை. சதுப்பு நிலத்துப் பறவை.

"அதை எங்கே பார்க்கலாம்?"

பரத்பூர் என்று சொல்ல வாயெடுத்தோம். மதுராவைத் தாண்டிச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர். நம் அலுவலகப் பதிவேட்டில் நாள்தோறும் எழுதும் பெயர். சைபீரியாவிலிருந்து குளிர்காலந்தோறும் அவ்வூர் ஏரிக்கு வந்தவை, வழியில் வேட்டையாடப்பட்டும் தங்கும் நீர்நிலைகள் வற்றியும் அருகின. 2002-இல் இரண்டே வந்தன. அதன்பின் அங்கு வரவில்லை.

மற்றொரு முறை பொய் சொல்ல மனம் வரவில்லை, உள்ளதைச் சொன்னோம். அவன் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எதிர் மரத்தில் தாய்நாரை மீனுடன் வந்திறங்கியது. குஞ்சுகள் கத்தின. "இவை அடுத்த ஆண்டும் வருமா?" என்றான்.

"இதுவரை வந்திருக்கின்றன" என்றோம்.