திருவாலங்காடு டு லுசைல்!

"லீவு எதுக்கு?"

"ஃபுட்பால் மேட்ச் பார்க்க ஸார்."

"எங்கே, நேரு ஸ்டேடியமா?"

"கத்தார்ல ஸார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிஸ்பாட்ச் கிளார்க்காகப் பதினேழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் தவிர வேறு காரணத்துக்கு லீவு கேட்டது அதுதான் முதல் தடவை.

"டி.வி-ல காட்டுவாங்களேய்யா!" என்றார்.

காட்டுவார்கள்தான். திருப்பதி பெருமாளைக்கூடத்தான் டி.வி-யில் காட்டுகிறார்கள். அதுக்காக யாராவது ரயில் டிக்கெட்டை கேன்சல் பண்ணுகிறார்களா? ஆறு நாள் கொடுத்தார். 2022 நவம்பர்.

மேட்ச் பார்க்க என்று சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு எங்கள் ஊரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருவாலங்காடு. அரக்கோணம் மின்சார ரயிலில் மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் பின்னால் மாட்டினீர்கள் என்றால், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். கடாரம் வரை கப்பல் விட்ட ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் எங்கள் ஊர் பேரைத்தான் தாங்கியிருக்கின்றன. ஆக, வெளிநாட்டுப் பயணம் எங்களுக்குப் புதுசு இல்லை!

ஊரின் பெரிய சொத்து வடாரண்யேஸ்வரர் கோயில். நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. இங்கேதான் சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. சமமாகவே போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் சிவன் காதுக் குழை கீழே விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தாமல் இடது கால் விரலால் அதை எடுத்து, காலை அப்படியே உயர்த்திக் காதில் மாட்டினார். காளி தோல்வியை ஒப்புக்கொண்டாள். ஆனால் இன்றைக்கும் முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சிவனிடம் போகவேண்டும். தோற்றவருக்கு முதல் மரியாதை! வேறு எந்தக் கோப்பையில் இந்த விதி இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்தக் கதையை எனக்கு ஃபுட்பாலோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. 1986 உலகக்கோப்பை ஃபைனல் அன்று கறுப்பு-வெள்ளை டி.வி-யைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்தார். மெக்ஸிகோவில் பகல், நமக்கு நடுராத்திரி. எனக்கு எட்டு வயசு, அண்ணனுக்குப் பத்து. மேற்கு ஜெர்மனி இரண்டு கோல் திருப்பிப் போட்டு 2-2 ஆக்கிவிட, பெரியப்பா வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி எறிந்தார். 84-வது நிமிஷம். சுற்றிலும் ஆட்கள் நிற்க, மாரடோனா இடது காலால் பந்தை லேசாகத் தட்டிவிட, புருசாகா ஓடிப்போய் கோல்! "குழையை எடுத்து மாட்டிட்டான்டா!" என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருநாய்கள் குரைக்க ஆரம்பித்தன. அன்றிலிருந்து எங்கள் வீடு அர்ஜென்டினா.

2020 ஜூனில் பெரியப்பா காலமானார். கொரோனா. விமானங்கள் மார்ச் 23-லிருந்தே நின்றுபோயிருந்தன. அண்ணன் தோஹாவில் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். கொள்ளி வைத்தது நான். பிளாஸ்டிக் உறைக்குள் முகம்கூடத் தெரியவில்லை. விமானம் விட்ட பிறகும் அண்ணன் வரவில்லை. போனில் கேட்டால், "வந்து யாரைப் பார்க்கறது?" என்பான். பணம் மட்டும் மாசா மாசம் தவறாமல் வரும்.

பெரியம்மாதான் வழி சொன்னாள். "பந்தாட்டம் பார்க்கறேன்னு போய் அவனைப் பார்த்துட்டு வாடா. வரச் சொல்லு."

உலகக்கோப்பைக்குப் போக விசாவுக்குப் பதிலாக 'ஹய்யா கார்டு' என்று ஒன்று. பேரே நம்ம ஊர்க் குழந்தைகள் மிட்டாய் கிடைத்தால் கத்துவது மாதிரி இல்லை? டிக்கெட் விஷயம்தான் உதைத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு முதல் சுற்றில் மலிவானதே 69 டாலர். கத்தாரில் இருப்பவர்களுக்கு மட்டும் 40 ரியாலில் நாலாம் வகுப்பு. ஏறக்குறைய தொள்ளாயிரம் ரூபாய். ஆகவே அண்ணனுக்கு ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை. கடல் தாண்டிப் போயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாது.

தோஹா ஏர்போர்ட்டில் தலையில் விளக்கு மாட்டிய ராட்சச மஞ்சள் கரடி பொம்மை வரவேற்றது. அதன் கீழே அண்ணன் இல்லை, டூட்டி. நஜ்மாவில் ஒரு நண்பர் ரூமில் தங்கினேன். தெருவுக்குத் தெரு கரக் டீ, மலையாளம், ஹிந்தி, நேபாளி. அரபியை ஏர்போர்ட்டில் கேட்டதோடு சரி! மெட்ரோவில் டிரைவர் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் ஆள் உயர நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய ஸ்பாஞ்ச் விரலை ஆட்டி "மெட்ரோ... திஸ் வே!" என்று ராகம் போட்ட ஆப்பிரிக்க வாலிபர்கள். பேசின் பிரிட்ஜில் தினம் ரயில் மாறுகிறவன் நான். இப்படி ஒருத்தர் ராகம் போட்டு வழி காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நீல வெள்ளைச் சட்டையில் பாதிக்குமேல் நம்ம பக்கத்து மாநிலத்து முகங்கள். 'வாடகை ரசிகர்கள்' என்று சில மேலைநாட்டுப் பத்திரிகைகள் இவர்களைக் கிண்டலடித்தன. கோழிக்கோடு பக்கம் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்குக் கட்-அவுட் வைத்த ஜனங்களுக்கா வாடகை? அந்தக் காசை அவர்களிடமிருந்துதான் வாங்கவேண்டும்!

நவம்பர் 26, சனிக்கிழமை. அர்ஜென்டினா - மெக்ஸிகோ. ராத்திரி பத்து மணி ஆட்டம். நாலு நாள் முன்னால் இதே லுசைல் மைதானத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றிருந்தார்கள். இதிலும் தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

மைதான வாசலில்தான் அண்ணனைப் பார்த்தேன். மூணே முக்கால் வருஷம் கழித்து. கறுத்திருந்தான். கட்டிப்பிடிக்கவில்லை, எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. "சாப்பிட்டியா?" என்றான். பெரியம்மா கொடுத்த முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். அதை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அங்கேயே நின்று பாதியைத் தின்றோம். ஊர்ப் பேச்சை எடுத்தேன். "டைமாச்சு, கேட்டுக்குப் போ" என்று தள்ளிவிட்டான்.

உள்ளே நுழைந்ததும் மூச்சு நின்றுவிட்டது. தங்கக் கிண்ணத்துக்குள் தேங்காய் வழுக்கை மாதிரி வெளிச்சம். அன்றைக்கு 88,966 பேர். 1994 ஃபைனலுக்குப் பிறகு ஓர் உலகக்கோப்பை ஆட்டத்துக்குக் கூடிய மிகப் பெரிய கூட்டம் அது. எங்கள் ஊர் தேருக்குக்கூட... சரி, வேண்டாம்.

முதல் பாதி, உண்மையைச் சொன்னால், அறுவை. மெக்ஸிகோக்காரர்கள் காலை காலை நீட்டினார்கள். மெஸ்ஸி தெருவில் சில்லறை தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

இடைவேளையில் போன்.

"டேய், எங்க இருக்க?"

நம்பரைச் சொன்னேன்.

"அப்படியே தலையைத் தூக்கு. எதிர்ப்பக்கம், கூரை விளிம்பு தெரியுதா? பெரிய ஸ்கிரீனுக்கு இடது பக்கம்?"

"தெரியுது."

"அங்கதான் எட்டு மாசம் சாரம் கட்டினேன்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அங்கே மனுஷன் நின்றால் எறும்பாகக்கூடத் தெரியமாட்டான். கோடையில் பத்து மணியிலிருந்து மூணரை வரை வெட்டவெளி வேலை கூடாது என்று சட்டம் வந்ததே 2021-ல்தான். இந்தப் போட்டிக்கான வேலைகளில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. கத்தார் ஏற்பாட்டுக் குழுவின் செயலாளரே நானூறிலிருந்து ஐந்நூறு வரை இருக்கலாம் என்று அந்த நவம்பரில் டி.வி. பேட்டியில் சொன்னார். அதெல்லாம் நான் பிறகு படித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, அந்த விளிம்பில் பெரியப்பா மகன் நின்றான் என்பது மட்டும்.

"அப்பா போன அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். நீ போன் பண்ணினப்ப மேலே இருந்தேன். சாயந்தரம் இறங்கினப்புறம்தான் மிஸ்டு கால் பார்த்தேன். பதினோரு கால்."

கூட்டம் இரைந்தது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"நீ வெச்ச கொள்ளிதானே. நான் வந்து என்ன பண்ணப்போறேன்?"

"அண்ணா, உன் பேரைச் சொல்லித்தான் வெச்சேன். ஐயர்கிட்ட கேட்டுப் பாரு."

பதில் இல்லை. லைனும் கட்டாகவில்லை. ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே பார்த்தோம். பில் அவன் கணக்கு.

64-வது நிமிஷம். டி மரியா வலதுபக்கமிருந்து தள்ளிய பந்து மெஸ்ஸியிடம். பெட்டிக்கு வெளியே, நல்ல தூரம். ஒரே ஒரு தட்டலில் பந்தை நிறுத்தினார். அடுத்த தட்டல் இடது கால். பந்து புல்லை உரசிக்கொண்டே போய், பாய்ந்த ஒச்சோவாவின் கைக்கு எட்டாமல் வலையின் மூலையில் விழுந்தது.

மைதானம் வெடித்த அந்தச் சத்தத்தில் போனில் எதுவும் கேட்டிருக்கக்கூடாது. எனக்குக் கேட்டது.

"குழை மாட்டிட்டான்டா! டேய், மாட்டிட்டான்டா!"

அதற்குப் பிறகு அவன் அழுததும் கேட்டது. நான் பக்கத்துச் சீட்டு மலப்புரத்துக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நான் மெஸ்ஸிக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். 87-வது நிமிஷம் என்ஸோ ஃபெர்னாண்டஸ் போட்ட இரண்டாவது கோல் இன்னும் அழகு என்கிறார்கள். நான் சரியாகப் பார்க்கவில்லை.

வெளியே வந்து மெட்ரோ க்யூவில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அண்ணன் அந்த ஒன்றரை மணியும் கேட்டுக்கொண்டே இருந்தான். எத்தனை பேர் வந்தாங்க, மழை பெஞ்சுதா, அப்பா கட்டில் இப்ப எங்க இருக்கு, ரேடியோ யார்கிட்ட. கோயில் விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பூசிக்கொண்டு மீதியைச் சட்டைப் பையில் வைத்தான். காலை ஐந்துக்கு அவனுக்கு டூட்டி. ரயிலில் நின்றபடியே என் தோளில் தூங்கினான்.

ஊர் திரும்பினேன். டிசம்பர் 18, ஃபைனல். பெரியப்பா திண்ணையில் மறுபடி டி.வி. ஃபிரான்ஸோடு 3-3 ஆகி, பெனால்டியில் 4-2 என்று முடிந்தபோது மணி பதினொன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தொழிலாளர்களுக்காக வைத்த பெரிய ஸ்கிரீன் முன்னாலிருந்து அண்ணன். சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை.

பெரியம்மா போனைப் பிடுங்கினாள்.

"ஆட்டம் எல்லாம் முடிஞ்சுதா? முடிஞ்சுதுல்ல? அப்ப லீவு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பி வா."

ஜூன் திதிக்கு வந்தான். வந்த அன்றே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். முதலில் காளி, அப்புறம்தான் ரத்தின சபை.