யாருடைய பந்து?

சின்னப் பிள்ளைகள் ஆடும் வாலிபாலில் பந்து அதிகம் விழுவது எங்கே என்று கேட்டால் பலரும் கோட்டோரத்தைச் சொல்வார்கள். நான் பார்க்கப்போன பயிற்சியாளர் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே கிடந்த வெறும் மணலைக் காட்டினார். "இங்கதான் சார். ரெண்டு பிள்ளைக்கும் எட்டும். மத்தவ எடுப்பான்னு ரெண்டும் நிக்கும். பந்து விழுந்த பெறவு ஒண்ணையொண்ணு முறைக்கும்."

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் அது. அரசுப் பள்ளியின் பின்னால் செம்மண் மைதானம், ஓரத்தில் பனைகள், தையல் போட்டுத் தையல் போட்டு வலையில் பாதி நூலாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் வாலிபால் புதிதல்ல. கோயில் கொடை என்றால் இரவு விளக்குப் போட்டு ஆண்கள் போட்டி நடக்கும். விடியும்வரை கூட்டம் கலையாது. பெண்பிள்ளைகள் அணி அரிது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரான இந்தப் பயிற்சியாளர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைத்து அதைத்தான் உருவாக்கிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு அவர் பி.டி. சார்.

அன்று பயிற்சி வேடிக்கையாகத் தொடங்கியது. அவர் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று, வலைக்கு அந்தப் பக்கமிருந்து பந்தை இரண்டு பேருக்குச் சரிநடுவில் எறிந்தார். "எனக்கு!" என்று கத்திவிட்டு எடுத்தால் ஒரு புள்ளி. கத்திவிட்டுத் தவறவிட்டாலும் ஒரு புள்ளி. வாய் திறக்காமல் எடுத்தால், எவ்வளவு அழகாக எடுத்தாலும் ஒன்றுமில்லை. அணியிலேயே நன்றாக ரிசீவ் செய்யும் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. "நான்தான் எடுத்தேன்லா சார்?" என்று நின்றாள். "நீ எடுப்பேன்னு உனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

நம்பிக்கை, ஒற்றுமை என்று சுவரில் எழுதிப் போடும் பயிற்சியாளர்கள் நிறைய உண்டு. இவர் அந்தச் சொற்களைச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த ஆட்டத்தில் அவற்றைத் தனியே போதிக்க வேண்டியதும் இல்லை, விதியே பார்த்துக்கொள்ளும். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இதை உருவாக்கியபோது ஒரு பக்கம் எத்தனை பேரும் நிற்கலாம், எத்தனை தடவையும் தட்டலாம். மூன்று தொடுதல் என்ற வரம்பு 1920-இல் வந்தது. பந்தைப் பிடித்து வைக்கக் கூடாது. பிளாக் நீங்கலாக, ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடவும் கூடாது. கபடியில் ஒருவர் தனியாகப் போய்ப் புள்ளியோடு திரும்பலாம். இங்கே எவ்வளவு கெட்டிக்காரியானாலும் அடுத்தவள் தூக்கிக் கொடுத்தால்தான் அடிக்க முடியும்.

பழைய முறையில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 1990களின் கடைசியில் அது மாறி, ஒவ்வொரு தவறும் எதிரணிக்கு ஒரு புள்ளியானது. ஆட்டம் விறுவிறுப்பானது உண்மைதான். குற்றவாளியைத் தேடுவதும் சுலபமானது. ஒரு பிள்ளை சர்வீஸை வலையில் அடித்தால் ஐந்து பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இதற்கு அவர் வைத்திருக்கும் மருந்து சின்னது. புள்ளி வந்தாலும் போனாலும் ஆறு பேரும் நடுவில் கூடிக் கைதட்டிவிட்டுப் பிரிய வேண்டும். அடிப்பவள், பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். "ஏட்டி, இன்னுங் கொஞ்சம் உசரமா" என்று ஒருத்தி கேட்க, செட்டர் தலையாட்டியதைப் பார்த்தேன். பெரிய அணிகளின் குயிக் அடியில், செட்டர் கையிலிருந்து பந்து கிளம்புமுன்பே அடிப்பவர் காற்றில் எழும்பியிருப்பார். பந்து வரும் என்று நம்பித்தான் அந்தத் தாவல். இந்தப் பிள்ளைகள் இன்னும் பந்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறார்கள்.

கடினமான வேலை மைதானத்துக்கு வெளியே. கொடைப் போட்டிகளில் தெருவுக்கொரு அணி இறங்கும். எந்தத் தெரு என்ற கேள்விக்கு இங்கே என்ன பொருள் என்று விளக்க வேண்டாம். இந்த அணியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பயிற்சி ஜோடிகளைத் தினமும் மாற்றிவிடுகிறார். தண்ணீருக்கு ஒரே குடம், ஒரே டம்ளர். அந்த டம்ளருக்காக ஒரு வீட்டில் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். அவர் போய் வாதாடவில்லை. "சாயங்காலம் ஒருநாள் வந்து பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அம்மா வந்தார், சில நாளில் பிள்ளையும் வந்தது. டம்ளரை அவர் மாற்றவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பெற்றோர் நம்ப வேறு காரணங்களும் உண்டு. பெண் ஆசிரியை ஒருவர் எப்போதும் மைதானத்தில் இருக்கிறார். கை, கால் நிலையைத் திருத்த வேண்டுமானால் மூத்த மாணவி ஒருத்தியைச் செய்து காட்டச் சொல்கிறார். தானே தொட்டுத் திருத்துவதில்லை. இருட்டுமுன் பயிற்சி முடிந்துவிடுகிறது.

அடித்து விரட்டினால்தான் ஆட்டம் வரும் என்று நம்பும் பழைய ஆட்டக்காரர்கள் ஜப்பானைச் சொல்வார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ நூற்பாலைக்காரர்கள். பயிற்சியாளர் தைமாட்சு கடுமைக்குப் பேர்போனவர். ஆனால் அந்த அணி உலகுக்குக் கொடுத்த உத்தி, விழுந்து பந்தை எடுத்து அப்படியே உருண்டு எழுவது. அந்த உருளலைத்தான் இவர் மணலில் பழக்குகிறார். விழுந்தால் அடிபடாது என்று உடம்புக்குத் தெரிந்த பிள்ளைதான் தூரப் பந்துக்குப் பாய்கிறது. கடுமையை விட்டுவிட்டு உத்தியை எடுத்துக்கொண்டது சரியான தேர்வு.

உயரமில்லாத பிள்ளைகளுக்கு 1998-இல் வந்த லிபரோ இடம், அதாவது பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே உள்ள இடம், ஒரு வரம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். தொடக்க அறுவரில் ஒருத்தியை வெளியே எடுத்தால், அந்த செட்டில் ஒரே ஒரு முறைதான், அதுவும் அவள் இடத்துக்குப் போனவளுக்குப் பதிலாகத்தான், அவள் திரும்ப முடியும். எடுக்கும்போதே ஏன் எடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுகிறார். சொல்லாமல் எடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்களாம். அப்படியும் ஒருத்தி அன்று அழுதாள்.

அவருக்கு ஒரே ஒரு குறை, பார்க்க வருகிறவர்கள்மேல். "விடு! பிடி! அடி!" என்று எல்லைக்கு வெளியே இருபது பேர் கத்தினால், உள்ளே "எனக்கு!" என்கிற குரல் கேட்பதில்லை. உங்கள் ஊரில் பிள்ளைகள் ஆடினால் போய்ப் பாருங்கள். கைதட்டலைப் புள்ளி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பந்து மேலே இருக்கும்போது தயவுசெய்து சும்மா இருங்கள்.