மாடி வீடு காலியாக இருக்கிறது

“சொந்த ஊர்ல எந்தத் தெரு சார்?”

வீடு பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் கேட்கிற மூன்றாவது கேள்வி இது. முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி இருக்கும். இரண்டாவது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பது. மதுரையில் யாரும் நேராகச் சாதியைக் கேட்பதில்லை. எந்த ஊர் என்பார்கள். வாடிப்பட்டிப் பக்கம் என்போம். அங்கே எந்த ஊர் என்பார்கள். அதையும் சொல்வோம். பிறகு தெரு வரும். தெருவைச் சொன்னதும் பேச்சு அடங்கிவிடும். “வீட்ல கலந்துக்கிட்டு போன் பண்றோம்” என்று சொல்லிச் செருப்பை மாட்டுவார்கள். போன் வராது.

வாடகைக்கு வீடு தேடி அலையும் தலித்துகளுக்கு வீடு மறுக்கப்படுவதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். 2015இல் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டில்லி வட்டாரத்தில் செய்த ஆய்வு அதைக் கணக்கோடு காட்டியது. ஒரே வேலை, ஒரே வருமானம் என்றாலும் பெயர் தெரிந்ததும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு சாத்தப்படுகிறது. வீடு கட்டி வாடகைக்கு விடுகிற தலித்துக்கு என்ன நடக்கிறது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. இதை எழுதலாமா என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. குடியிருக்க ஒரு சென்ட் மனை இல்லாத சனம் எத்தனையோ இருக்கும்போது மாடி வீட்டுக்காரர் புலம்பல் எதற்கு என்றார் எங்களில் ஒருவர். கடன் வாங்கி வீடு கட்டுகிற நம் ஆட்கள் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள், அவர்களிடம் இதை யார் சொல்வது என்றார் மற்றவர். இரண்டாமவர் பேச்சே நின்றது.

நாங்கள் கணவனும் மனைவியும். ஒருவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர், இன்னொருவர் தனியார் பள்ளியில் ஆசிரியை. 2014இல் ஆனையூர்ப் பக்கம் இரண்டே கால் சென்டில் வீடு கட்டினோம். வங்கிக் கடன் 18 லட்சம், இருபது வருடம், மாதத் தவணை 17,670 ரூபாய். கீழே நாங்கள் இருப்பது, மாடியை வாடகைக்கு விட்டுத் தவணையில் பாதியைச் சமாளிப்பது என்பது திட்டம். மாடி பூச்சு வேலைக்கு வருவதற்குள் கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. அதனால் 2017 கடைசியில் மாடியை நான்கு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டோம்.

ஒத்தி என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வாடகை கிடையாது. குடிவருகிறவர் ஒரு பெருந்தொகையைக் கொடுப்பார், காலி செய்யும்போது வட்டியில்லாமல் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து வருகிறவர் கொடுக்கும் பணத்தை வாங்கிப் போகிறவருக்குக் கொடுப்பதுதான் நடைமுறை. அடுத்த ஆள் வராவிட்டால் மொத்தப் பாரமும் வீட்டுக்காரர் தலையில். எங்கள் நான்கு லட்சம் பூச்சாகவும் கழிவுநீர்த் தொட்டியாகவும் ஏற்கெனவே மாறியிருந்தது.

வந்த குடும்பம் நல்ல குடும்பம். ஒரு வருடம் எந்தச் சிக்கலும் இல்லை. 2019 பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் கூடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். சுவரில் இருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். காபியைத் தொடாமல் எழுந்தார். அன்று மேலே கொடுத்தனுப்பிய பொங்கல் அப்படியே திரும்பி வந்தது. “எல்லாருக்கும் சுகர் இருக்கு” என்றார்கள். வீட்டில் ஆறு வயதுப் பையனும் இருந்தான். மார்ச்சில், இரண்டு மாதத்தில் காலி செய்கிறோம், பணத்தைத் தயார் பண்ணுங்கள் என்றார்கள். காரணம் கேட்டோம். “பையனுக்கு ஸ்கூல் தூரம்.” பள்ளி வண்டி வாசலில்தான் வந்து நிற்கும்.

அந்த இரண்டு மாதமும் நாங்கள் தூங்கியது குறைவு. நகையை அடகு வைத்து 2,20,000, அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் ஒரு லட்சம், நண்பர் ஒருவரிடம் 80,000. நான்கு லட்சத்தை எண்ணிக் கொடுத்தபோது அவர்கள் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள். மே மாதம் மாடி காலியானது. வாடகை வரவில்லை, தவணை நிற்கவில்லை, இப்போது நகை வட்டியும் சங்கப் பிடித்தமும் சேர்ந்துகொண்டன.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினோம். தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு பகுதியில் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீடு தர மறுக்கப்பட்ட தலித்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாவது இருக்கிறது. ஆனால் தலித் வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்று ஒருவர் போய்விட்டால்? காலி செய்வது அவருடைய உரிமை. எந்தச் சட்டம் அவரை இழுத்து வந்து குடிவைக்கும்? கத்தியில்லை, அரிவாளில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. மாதாமாதம் வீட்டுக் கணக்கில் விழுகிற ஓட்டையாகத் தீண்டாமை வருகிறது. புகார் எழுதினால் அதில் எழுதுவதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

ஐந்து மாதம் போனது. புரோக்கர் ஒருநாள் தணிந்த குரலில் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க சார். அந்தப் படத்தை மட்டும் உள்ரூம்ல மாட்டுங்க. வீடு உடனே போயிரும்.”

மாட்டினோம். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் சிலைக்கு மாலை போடுகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், நாங்கள் படத்தைக் கழற்றிப் பீரோ பக்கத்தில் மாட்டினோம். கூடத்துச் சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த தடம் தெரிந்தது. அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டோம். மூன்றாவது வாரமே ஒரு குடும்பம் வந்தது. வீடு பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு அம்பேத்கரின் பரோடா நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். உண்மை தெரிந்ததும் பார்சிகள் தடிகளோடு வந்து அன்றைக்கே காலி செய்யச் சொன்னார்கள். ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமும் இடம் கேட்டார். இருவரும் கைவிரித்தார்கள். பூங்காவில் காத்திருந்து பம்பாய்க்கு ரயிலேறினார். பின்னால் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்று சொந்த வீடு கட்டியபோது அதைப் புத்தகங்களால் நிரப்பினார்.

பெயரை மறைக்க வேண்டிய நெருக்கடி அவருக்கும் வந்திருக்கிறது என்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. தலை சாய்க்க இடம் இல்லாமல் அவர் மறைத்தார். சொந்த வீட்டில், சொந்தச் சுவரில் நாங்கள் மறைத்திருந்தோம். ஞாயிறு காலை படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினோம். அவர்கள் வந்ததும் அட்வான்ஸை வாங்குவதற்கு முன்னால் நாங்கள் யார் என்று சொன்னோம். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மேலும் இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, 2020 ஜனவரியில் ஒரு தையல்காரர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். முஸ்லிம். எட்டு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்களிடம் தெரு கேட்கவில்லை. ஒத்தி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். வாடகை 7,000, அட்வான்ஸ் மூன்று மாதம், 21,000.

இரண்டாம் மாதத்துக்கு அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. அவருடைய தையல் கடை மூடியது. ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் வாடகை வரவில்லை. எங்கள் பள்ளிச் சம்பளமும் பாதியானது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்ததை நாங்களும் பயன்படுத்திக்கொண்டோம். தள்ளிவைத்த காலத்தின் வட்டி அசலோடு ஏறியது. சாதிக்காகப் போனவர்கள்மேல் வந்த கோபத்தைவிட, போகாமல் மேலேயே இருந்த இந்த மனிதர்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. மேலே குழந்தை சிரித்தால்கூட எரிச்சல் வந்தது. படியில் எதிர்ப்பட்டால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். குனியட்டும் என்று நினைத்தோம்.

ஆகஸ்டில் ஒருநாள் இரவு எங்களில் ஒருவர் சொன்னார்: “நாலு நாளைக்கு மோட்டாரைப் போடாம இருப்போம். தானா வழிக்கு வருவாரு.” அடுத்தவர் எழுந்து போய் மோட்டார் சுவிட்ச் அருகில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். “தாத்தா சட்டிபானை கதை ஞாபகம் இருக்கா?” என்றார்.

எங்கள் தாத்தா குடியிருந்தது பண்ணைக்காரர் மனை. பெரியாற்றுக் கால்வாய்ப் பாசன வயலில் வேலை. ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஆள் வருவான். அடுப்பில் இருக்கிற சட்டிபானையைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டுப் போவான். குடிசை நம்முடையது, அது நிற்கிற மண் அவருடையது. எங்கள் ஊரில் மட்டும் இருந்த வழக்கமல்ல இது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையே குடியிருக்கும் மனைகூடப் பறையர்களுக்குச் சொந்தமில்லாத நிலையைப் பேசுகிறது. அதைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வருவதற்கு 1971 ஆனது. தாத்தா அந்த மனைப் பட்டாவைத் தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

தெருவில் வைத்த சட்டிபானைக்கும் நிறுத்தி வைக்கிற மோட்டாருக்கும் என்ன வித்தியாசம்? வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்த ஆறே வருடத்தில் பண்ணைக்காரர் புத்தி எங்களுக்கு வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. சட்டம் எங்களுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தாத்தா முதலில் வந்தார்.

மறுநாள் அவரைக் கீழே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, எங்கள் கடன் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினோம். வீட்டுக்காரருக்கும் தவணை இருக்கும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அவருடைய கடைக் கணக்கை அவர் சொன்னார். பாக்கி 35,000. இரண்டு மாதத்தைத் தள்ளுபடி செய்தோம். மிச்சம் 21,000, ஜனவரியிலிருந்து வாடகையோடு மாதம் ஆயிரம். தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 2021 மே, ஜூனில் மறுபடி எல்லாம் பூட்டியபோது அந்த ஆயிரம் நின்றது. 2022 நவம்பரில் கடைசி ஆயிரம் வந்தது. அதோடு ஒரு டப்பா பிரியாணியும் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் சுகர் இல்லை.

வீடு கட்டி வாடகைக்கு விடப்போகும் நம்மவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். ஒத்திப் பணத்தைக் கட்டடத்தில் போடாதீர்கள், அது உங்கள் பணமே இல்லை. முடிந்தால் ஒத்தியைத் தவிர்த்து வாடகைக்கு விடுங்கள். வருடத்துக்குப் பத்து மாத வாடகைதான் வரும் என்று கணக்குப் போட்டுத் தவணையைத் தீர்மானியுங்கள். நம் வீடு மற்றவர் வீட்டைவிட அதிக நாள் காலியாகக் கிடக்கும். இந்தச் சாதிச் செலவையும் சிமெண்டு, கம்பி மாதிரி முன்கூட்டியே கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள், அது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. பாக்கி கேட்பதற்கு இரவில் கதவைத் தட்டாதீர்கள். கணவனும் மனைவியும் கடனைப் பற்றி வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். பேசாமல் வைத்திருந்தால் அது சாப்பாட்டில் உப்பு குறைந்த சண்டையாக வெளியே வரும். வருகிறவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வீட்டு வாசலிலாவது அந்தக் கேள்வி சாகட்டும்.

தையல்காரர் போன மாதம் சொந்தமாக ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விட்டார். மாடி மறுபடி காலியாக இருக்கிறது. கதவில் போர்டு தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்கட்டும் என்று இப்போது நாங்கள் காத்திருப்பதில்லை. நல்ல தண்ணீர், இரண்டு வண்டி நிறுத்தலாம், நாங்கள் தலித் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். நேற்று வந்தவர் போன் செய்வதாகச் சொல்லிப் போனார். அடுத்த தவணை ஐந்தாம் தேதி. இரண்டு மாதத்துக்கான கையிருப்பு தனியாக வைத்திருக்கிறோம். படம் கூடத்தில் இருக்கிறது.