டாட்டா... ஆனா எந்த விமானத்துக்கு?

சனிக்கிழமை காலையில் ஹாஸ்டல் கட்டிலை விட்டு எழுந்திருக்க ஒரு காரணம் வேணுமா உங்களுக்கு? தாம்பரம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து பரங்கிமலையில் இறங்குங்கள். மெட்ரோவும் அங்கே நிற்கும், ஆனால் அது மாசத்தின் முதல் வாரத்துக்கு மட்டும்! மலையடிவாரத்துக்கு ஒரு ஆட்டோ. அப்புறம் நூற்றுக்கும் மேலான படிகள். பாதியில் மூச்சு வாங்கும். வாங்கட்டும் பாஸ், மேலே காத்திருப்பது அப்படி ஒரு காட்சி.

உச்சியில் இருப்பது 1523-ல் போர்த்துக்கீசியர்கள் கட்டிய தேவாலயம். அந்தப் பரங்கியர்களால்தான் இது பரங்கிமலை. பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் உள்ளே போய்விடுவார்கள். நம்ம கூட்டம் மட்டும் தென்மேற்கே பார்த்தபடி மதில் ஓரம் நிற்கும். அங்கேதான் விரிந்து கிடக்கிறது மீனம்பாக்கம் ரன்வே. மலையின் உயரம் சுமார் 300 அடி. இறங்கி வரும் விமானம் பக்கத்தில் கடக்கும்போது நம் கண்ணுக்கு நேராக, சில சமயம் கொஞ்சம் கீழேயே போகும். விமானத்தின் முதுகை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? அண்ணாந்தே பழகின கழுத்துக்கு அது ஒரு அதிர்ச்சி.

முதல் தடவை போகிறவர்களுக்கு எல்லாமே 'பிளேன்'தான். அரை மணி நேரம் நின்றால் போதும், ஆள் அடையாளம் பிடிபட்டுவிடும். என்ஜினின் அடிப்பக்கம் தட்டையாக அமுங்கின மாதிரி இருந்தால் போயிங் 737. காக்பிட் ஜன்னலைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி மாட்டினது போல இருந்தால் ஏர்பஸ் ஏ350. என்ஜினின் பின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கா? பெரும்பாலும் 787. ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாறு சக்கரம் தொங்கிக்கொண்டு வந்தால் 777 ஆக இருக்கலாம். 2022 ஜூலையில் ஏர்பஸ்ஸின் பெலுகா, அதான் அந்தத் திமிங்கில மூஞ்சி சரக்கு விமானம், எரிபொருள் நிரப்ப சென்னையில் இறங்கியது. அன்றைக்கு எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். இன்னும் ஆறவில்லை.

ஆனால் மலை ஏறும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது காற்றை. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். சென்னையின் பெரிய ரன்வேக்குப் பெயர் இரண்டு: 07, 25. திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசி பூஜ்யத்தை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். மேல்காற்று வீசும் ஜூன், ஜூலை காலைகளில் 25. கடல் பக்கமிருந்து வந்து, மலையை உரசுகிற மாதிரி கடந்து இறங்கும். கிளம்புகிற விமானங்கள் நமக்கு எதிர்ப்பக்கம், பம்மல் மேலே ஏறிப் போய்விடும். வாடைக்காற்று மாதங்களில் எல்லாமே தலைகீழ். சில நாள் மத்தியானம் கடல்காற்று புகுந்ததுமே ரன்வே மாறிவிடும்.

இந்தக் காற்றுக் கணக்கைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உதைத்தது.

2011, ஜூன். எனக்கு ஆறு வயசு. அப்பா ஏசி மெக்கானிக்காக மஸ்கட் கிளம்பினார். வாசல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத என்னை அம்மா ஆட்டோவில் இந்த மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாங்க. ஒரு விமானம் வந்தது. "அதோ பாரு, அப்பா போறாரு. டாட்டா காட்டு." காட்டினேன். சக்கரங்களை எண்ணினது நல்லா ஞாபகம் இருக்கு.

சக்கரம்! கிளம்பிய விமானம் தரையை விட்ட சில விநாடிகளில் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜூன் மாசக் காலை, மேல்காற்று, சக்கரம் தொங்க மலைப்பக்கம் வந்தது என்றால், அது இறங்கிய விமானம். வேறு யாருடைய அப்பாவோ ஊருக்குத் திரும்பி வந்த விமானம். அதற்குத்தான் நான் உயிரைக் கொடுத்து டாட்டா காட்டியிருக்கிறேன். அப்பா அந்நேரம் பம்மலைத் தாண்டிப் போயிருப்பார். இல்லை, இன்னும் கிளம்பியே இருக்க மாட்டார்.

போன வருஷம் அம்மாவிடம் ரன்வே படம் போட்டு விளக்கினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாங்க. "எனக்கென்னடா தெரியும் ஏறுதா இறங்குதான்னு? நீ அழுதே. முதல்ல வந்ததைக் காட்டினேன்."

முதல் லீவில் அப்பா வாங்கி வந்தது ஒரு பிளாஸ்டிக் விமானம். ஒரு வாரத்தில் ஒரு றெக்கை காலி. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டியது இன்னும் என் மேஜையில் நிற்கிறது. பக்கத்தில் நானே சேர்த்து வாங்கின 1:400 டை-காஸ்ட் ஒன்று, ஏ320. நிஜத்தில் முப்பத்தேழரை மீட்டர், என் உள்ளங்கையில் ஒன்பதரை சென்டிமீட்டர். அதன் விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை (இதைப் படித்தால் போச்சு!). உங்களுக்குக் காசு செலவில்லாத வழி சொல்லட்டுமா? டிவி வந்த அட்டைப்பெட்டியின் தெர்மாகோலை அறுத்து கிளைடர் செய்யுங்கள். பாலன்ஸ் புள்ளி, றெக்கையின் முன் விளிம்பிலிருந்து கால்வாசி அகலத்தில் இருக்கணும். வால் கனத்தால் மூக்கைத் தூக்கித் தூக்கி விழும். மூக்கில் ஒரு ரூபாய் நாணயத்தைச் சொருகிப் பாருங்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் புரியாதது காலேஜ் கிரவுண்டில் புரியும். ஆனால் மலைக்கு மட்டும் அதை எடுத்து வராதீர்கள். ட்ரோன், ரிமோட் விமானம் வாசனையே கூடாது. ஒருபக்கம் ஏர்போர்ட், இன்னொரு பக்கம் ராணுவ இடம்.

நம்ம ஏரியாவுக்கும் றெக்கைக்கும் பழைய சொந்தம். 1910-லேயே தியாங்கலிஸ் என்கிற ஹோட்டல்காரர் தானே ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கலாம் ஏரோநாட்டிக்கல் பக்கம் போனார். அவருக்கும் விமானப்படைத் தேர்வில் விமானி ஆகக் கிடைக்கவில்லை. எனக்கு பைலட் கோர்ஸ் ஃபீஸைக் கேட்ட அன்றே கனவு கிளியர், மெக்கானிக்கலில் சேர்ந்தேன். ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள், சும்மா சொன்னேன்!

அப்பா இந்த டிசம்பரில் ஒரேயடியாகத் திரும்பி வருகிறார். டிசம்பர் என்றால் வாடைக்காற்று, ரன்வே 07. விமானம் பம்மல் பக்கமிருந்து இறங்கும், மலைக்குப் பக்கத்திலேயே வராது. அதனால் அன்றைக்கு மட்டும் நான் படி ஏறப்போவதில்லை. வருகை வாசலில் டிராலிகளுக்கு நடுவில் நிற்பேன். கேமராவை எடுத்துட்டு வராதேன்னு அம்மா இப்பவே சொல்லியாச்சு.